வீடியோ நிற்கும்போதும் குரல் வருவது எப்படி?

மாலை ஏழு மணிக்கு வெலிமடைத் தோட்ட லயன்களில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே போனில் வோல்டி (VoLTE, 4ஜி வழியே போகும் குரல்) அழைப்பு எடுத்தால், கொழும்பில் வேலை செய்யும் மகனின் குரல் தெளிவாகக் கேட்கும். ஏன்?

4ஜி வலையமைப்பு தரவுகளை வகுப்பு பிரித்து அனுப்புகிறது. சாதாரண இணையம் பெரும்பாலும் 9ஆம் வகுப்பு: இடமிருந்தால் போகும், இல்லாவிட்டால் காத்திருக்கும். வோல்டி குரல் 1ஆம் வகுப்பு. அதற்கென்று வேகம் ஒதுக்கப்படும். தாமத வரம்பு 100 மில்லிசெக்கன். குரலுக்கு செக்கனுக்குச் சுமார் 24 கிலோபிட் போதும் என்பதால் இது கட்டுப்படியாகிறது. வாட்ஸ்அப் அழைப்புக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது.

புது வோல்டி அழைப்பு வந்ததும் கைப்பேசிக் கோபுரம் கணக்குப் பார்க்கும். கொடுக்க இடமில்லையென்றால் மறுத்துவிடும். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எல்லாருக்கும் கெடுப்பதைவிட அது நேர்மைதான். மலை மறைவில் இருப்பவருக்குச் சிக்னல் மெலிவதால், அதே குரலைக் கொண்டுசேர்க்கக் கூடுதல் அலைவரிசை செலவாகும். வெலிமடை இருக்கும் ஊவாவின் மேடு பள்ளங்களில் இந்தச் செலவு அதிகம்.

சிக்னலே எட்டாத இடத்தில் முன்னுரிமைக்கு வேலையில்லை. 2021இல் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காகக் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறினார்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு கோபுரம்.