காட்டு மரம் தப்ப, வயலில் சவுக்கு

காகிதத்துக்குக் கூழ் வேண்டும். கூழுக்கு மரம் வேண்டும். முன்னாளில் இந்த மரமும் மூங்கிலும் பெருமளவில் அரசுக் காடுகளிலிருந்தே ஆலைகளுக்குப் போயின. அதுவும் சொற்ப விலைக்கு. காட்டு மரம் அவ்வளவு மலிவாகக் கிடைத்தால், விவசாயியிடம் விலை பேசி மரம் வாங்க எந்த ஆலை முன்வரும்?

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை இந்தச் சலுகை கூடாது என்றது. ஆலைகள் விவசாயிகளுடன் நேரடியாகத் தொடர்பு கொண்டு, தங்களுக்கு வேண்டிய மரத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இன்றிக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது.

கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1980-களில் உற்பத்தியைத் தொடங்கியபோதே கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து வந்தன. அவற்றுக்கு மாற்றாக நிலக்கரியைக் கொடுத்துச் சக்கையைப் பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது. நிலக்கரிப் புகையில் வேறு கேடு உண்டுதான். ஆனாலும் அந்த அளவுக்கு மரம் மிச்சம். மரக்கூழுக்காக 2004-05 முதல் விவசாயிகளின் நிலத்திலேயே சவுக்கு, தைலமரம் வளர்க்கும் திட்டத்தையும் இந்த ஆலை நடத்தி வருகிறது.

சிறு விவசாயிக்கு இவ்விரண்டில் சவுக்கே ஏற்றது. பயறு வகைகளைப் போலவே இதன் வேர் முடிச்சுகளும் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். மணற்பாங்கான நிலமும் செம்மண்ணும் உகந்தவை. தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. 5 அடிக்கு 5 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,740 கன்றுகள் பிடிக்கும். முதல் ஆண்டில் நிலக்கடலை அல்லது உளுந்தை ஊடுபயிராகப் போடலாம். இறவையில் 3 முதல் 4 ஆண்டுகளில் வெட்டலாம். மானாவாரியில் மேலும் ஓராண்டு ஆகும். கழிக்கும் பக்கக் கிளைகள் அடுப்புக்கு உதவும்; விறகுக்குக் காட்டுப் பக்கம் போகும் நடையும் குறையும்.

ஆனால் பழைய மரங்கள் நிற்கும் ஓடைக்கரையையோ கரட்டையோ அழித்துச் சவுக்கு நடுவதில் பொருளே இல்லை. சவுக்குத் தோப்பு காடாகிவிடாது. ஏற்கெனவே பயிரிட்டு வரும் நிலமே இதற்கு உரியது.

காகிதம் வாங்குவோருக்கும் இதில் பங்கு உண்டு. சக்கைக் காகிதத்தில் செய்த நோட்டுப் புத்தகங்களைக் கடையில் கேட்டு வாங்கலாம். தாளின் இரு பக்கமும் எழுதிவிட்டுப் பழைய காகிதக் கடையில் போட்டால், அது மீண்டும் கூழாகும்.

பெரும்பாலோர் ஏமாறுவது விற்பனையில்தான். தோப்பைக் கண் மதிப்பில் மொத்தமாகப் பேசி விற்றால் இடைத்தரகருக்கே லாபம். எடை போட்டு விற்பதே சரி. வெட்டிய மரம் காயக் காய எடை குறையும். ஆகவே லாரியை உறுதி செய்துகொண்ட பிறகே கோடரியை எடுக்க வேண்டும். டன்னுக்குச் சொல்லும் விலை பட்டையோடா, பட்டை உரித்தா? வெட்டுக்கூலி, லாரி வாடகை யார் பொறுப்பு? இவற்றை நடவுக்கு முன்பே ஆலையின் களப் பணியாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி, ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை அறுவடை வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.