நீலப் பொடியும் கங்காரு வாலும்

போன மாசம் அக்கா மகள் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். "மாமா, இது வாங்கலாமா?" அவ்வளவுதான் கேள்வி. திறந்து பார்த்தால் ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே நீல நிறப் பொடி. பேர் ஜிஎச்கே-காப்பர் பெப்டைடு. தண்ணீர் விட்டுக் கலக்கி, இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து, தோலுக்கு அடியில் தினம் ஒரு ஊசி. தழும்பு மறையும், முடி திரும்ப வளரும். கீழே பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு வரி.

நாங்கள் இருப்பது திருக்கோகர்ணம். தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொள்கிற ஊர். இவளுக்குத் தொலைந்தது முடி. டெங்கு வந்து போய் மூணு மாசம் ஆகுது, தலை வாரினால் சீப்பு நிறைய வருது. அக்கா வெல்லம் வேண்டிக்கொண்டுவிட்டாள். மகள் குப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து படித்ததில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெப்டைடு என்றால் என்ன? அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சின்னச் சரம். சரம் நீளமாகி, மடங்கி, ஒரு உருவம் எடுத்தால் அது புரதம். சரத்தில் 51 மணி இருக்கிற இன்சுலினும் பெப்டைடுதான், 9 மணி இருக்கிற ஆக்ஸிடோசினும் பெப்டைடுதான். ஆக, 'பெப்டைடு சிகிச்சை' என்று சொல்வது 'மாத்திரை சிகிச்சை' என்று சொல்வது மாதிரி. எந்தப் பெப்டைடு, எதுக்கு, யாரிடம் சோதித்தது என்று கேட்காமல் அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லை.

நம்ம குப்பியில் இருப்பது மூணே மணி: கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். கூடவே ஒரு செம்பு அயனி. நீல நிறம் அந்தச் செம்பால்தான். இந்த மூணு மணி தோலை ஏன் தொடுகிறது என்று புரிய, கொஞ்சம் சென்னைக்குப் போகணும்.

1952-ல் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று ஜி. என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயசுகூட முழுசாக ஆகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை நடத்த வந்திருந்தார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்குகிற புரதம் கொலாஜன். எக்ஸ்ரே படம் எடுக்கச் சுத்தமான மாதிரி வேணும். பக்கத்தில் அடையாறில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாண்! அதை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் ஒரு அமைப்பை வெளியிட்டார்கள். மூணு இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு. அடுத்த வருஷமே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். அந்தக் கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறைவு, அமினோ அமிலங்களில் மிகச் சின்னதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும். அதனால்தான் ஒவ்வொரு மூணாவது மணியும் கிளைசின்.

(சின்ன இடைச்செருகல்: இந்தக் கயிறு இறுக, உடம்புக்கு வைட்டமின் சி வேணும். அது இல்லாமல் போனால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிற ஸ்கர்வி. நெல்லிக்காய்க்கு இந்த விஷயத்தில் நேரடி வேலை இருக்கிறது, விளம்பரம்தான் இல்லை.)

இப்போ குப்பிக்கு வருவோம். 1973-ல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்கர் மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து இந்த மூணு மணிச் சரத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு பார்த்தால், அதே கிளைசின்-ஹிஸ்டிடின்-லைசின் வரிசை கொலாஜன் இழை ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. 1988-ல் பிரான்சில் மகார் குழு, தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்த்து, மிகச் சிறு அளவு ஜிஎச்கே-காப்பரைச் சேர்த்தபோது கொலாஜன் உற்பத்தி கூடியதைக் காட்டியது. காயம் பட்டு கொலாஜன் சிதையும்போது இந்தத் துண்டு வெளியே வந்து, 'இங்கே பழுது பார்க்கணும்' என்று செல்களுக்குச் சொல்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். சுவர் இடிந்தால், உதிர்ந்த செங்கல் துண்டே கொத்தனாரைக் கூப்பிடுவது மாதிரி. அழகான யோசனை. பொய்யான சரக்கு இல்லை இது, அதைத்தான் முதலில் ஒத்துக்கணும்.

ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல் வேற, முகம் வேற. தோலின் மேல்படலம் எதையும் சுலபமாக உள்ளே விடாது. சுமார் 500 டால்டனுக்கு மேல் எடை இருந்தால் நுழைவது கஷ்டம் என்பது தோல் மருத்துவத்தில் ஒரு தோராயக் கணக்கு. ஜிஎச்கே அதற்குக் கீழேதான், 340. ஆனால் அது தண்ணீரில் கரைகிற ஆள். தோலின் வாசலோ கொழுப்பு. அதனால் க்ரீம் செய்கிறவர்கள் பெப்டைடுக்கு ஒரு கொழுப்பு வாலை ஒட்டிவிடுவார்கள். கடைகளில் மேட்ரிக்சில் என்று போட்டிருக்கும் பெப்டைடு அப்படி வால் ஒட்டியது. 2005-ல் 93 பெண்களிடம் 12 வாரம், ஒரு கன்னத்துக்குப் பெப்டைடு க்ரீம், மறு கன்னத்துக்கு வெறும் க்ரீம் என்று சோதித்தார்கள். மெல்லிய சுருக்கங்களில் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. செய்தவர்கள் ப்ராக்டர் அண்டு கேம்பிள் ஆட்கள் என்பதையும் சேர்த்தே படிக்கணும். க்ரீம் அளவில் இதில் பெரிய ஆபத்து இல்லை, பெரிய அதிசயமும் இல்லை. பர்ஸுக்குத்தான் கொஞ்சம் வலி.

முடிக்கு? அடிக்கடி காட்டப்படுவது 2007-ல் வந்த கொரிய ஆய்வு. முதலில், அதில் இருந்தது ஜிஎச்கேகூட இல்லை. கிளைசினுக்குப் பதில் அலனின் இருக்கிற ஒரு சித்தப்பா மகன். ரெண்டாவது, மனிதத் தலையிலிருந்து எடுத்த முடிக்கால்களைத் தட்டில் வைத்து அவை நீண்டதைப் பார்த்தார்கள். தலையில் இருக்கிற முடியை இல்லை. மினாக்சிடில் பக்கம் பாருங்கள்: ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை, பக்கவிளைவாக முடி வளர்ந்ததைக் கவனித்து, ஆட்களிடம் சோதித்து, 1988-ல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்குத் தடவும் மருந்தாக அனுமதி வாங்கியது. அந்தப் படிகளை நீலப் பொடி இன்னும் ஏறவில்லை.

ஊசி விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே பயம். தோல் ஒரு காவல், ஊசி அதைத் தாண்டுகிறது. குப்பியில் இருப்பது சொன்ன பொருள்தானா, சொன்ன அளவுதானா, கிருமி நச்சு இல்லாததா என்று அந்த விற்பனையாளரைத் தவிர யாரும் உத்தரவாதம் தரவில்லை. அவரும் 'மனிதருக்கு அல்ல' என்று எழுதிக் கழன்றுவிட்டார். மருந்தகங்கள் கலந்து தரும் பெப்டைடுகளில் பாதுகாப்புக் கவலை உள்ளவை என்று அமெரிக்க எஃப்டிஏ 2023-ல் பிரித்த பட்டியலில், ஊசியாகப் போடும் ஜிஎச்கே-காப்பரும் இருந்தது. இத்தனைக்கும் அது கள்ளச் சந்தைக் குப்பியைப் பற்றிய பேச்சுகூட இல்லை.

இனி அவள் தலைக்கு வருவோம். முடிக்கால் ஒவ்வொன்றும் வருஷக்கணக்கில் வளரும், பிறகு சில மாசம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். கடுமையான காய்ச்சல் வந்தால் நிறைய முடிக்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ரெண்டு மூணு மாசம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும். டெங்கு, டைபாய்டு, பிரசவம் எதுக்குப் பிறகும் இது நடக்கும். வேர் சாகவில்லை. பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள் கொட்டுவது நின்று தானாக முளைக்கும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் கண்ணுக்குத் தெரிய நாளாகும்.

இதில் ஒரு பொறி இருக்கு, கவனிச்சீங்களா? கொட்டு உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் குப்பி வாங்குவார்கள். ரெண்டு மாசத்தில் எப்படியும் குறையத்தான் போகிறது. பேர் குப்பிக்குப் போகும். அவளும் நல்ல மனசோடு நாலு பேருக்குச் சொல்வாள்.

அதனால் நான் எழுதியது இவ்வளவுதான்: குப்பி வேண்டாம். தோல் டாக்டரைப் பார், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூணும் பார்க்கணுமா என்று கேள். இரும்புச் சத்து குறைந்திருந்தால் முடி கொட்டுவது நீளும், அதுக்கு நல்ல மருந்து இருக்கிறது. உச்சியில் வகிடு அகலமாகிக்கொண்டே போனால் அது வேற கதை, அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

நேற்று ஃபெரிட்டின் ரிசல்ட் வந்தது, குறைவுதான். இரும்பு மாத்திரை ஆரம்பித்தாச்சு. அக்கா மட்டும் கேட்கிறாள், முடி வந்துட்டா வெல்லம் எப்போ படைக்கிறது, மாத்திரை முடிஞ்சா, முன்னாடியேவா?