எங்கே சுற்றினாலும் 6174

எண்கள் என்றவுடன் நம் வீடுகளில் பால் கணக்கும் மளிகைக் கணக்குமே நினைவுக்கு வருகின்றன. பள்ளிச் சிறுவர்களுக்கோ பரீட்சையின் பயம் வந்துவிடுகிறது. ஆயினும், சாதாரண எண்களுக்குள்ளே எத்தனையோ விந்தைகள் சந்தடியின்றி ஒளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை நேயர்களுக்குக் காட்ட விரும்புகிறோம். ஒரு துண்டுக் காகிதமும் பென்ஸிலும் இருந்தால் போதும்.

நான்கு இலக்கமுள்ள ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கலாகாது. அது ஒன்றே நிபந்தனை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு முறையும், சிறியதிலிருந்து பெரியதாக ஒரு முறையும் அடுக்கி, பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடையை மறுபடியும் அவ்வாறே செய்யுங்கள். பூஜ்யம் வந்தால் அதையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

நம் தேசம் சுதந்திரம் பெற்ற 1947-ஐயே எடுத்துக்கொள்வோம்.

9741 − 1479 = 8262
8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

இனி 6174-ஐ அடுக்கிக் கழித்தால், 7641 − 1467 = 6174. எண் அசையாமல் நின்றுவிட்டது! உங்கள் எண் எதுவாயினும், ஏழு படிகளுக்குள் இதே 6174-இல்தான் வந்து நிற்கும். மூன்று இலக்க எண்களுக்கும் இவ்வாறே 495 என்று ஒரு தங்குமிடம் உண்டு.

இவ்விந்தையைக் கண்டவர் பெரிய சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்லர். நாசிக்குக்கு அருகிலுள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி உபாத்தியாயராக இருந்த ஸ்ரீ தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் அவர்களே. 1949-ல் சென்னையில் நடைபெற்ற கணித மகாநாட்டில் இதை அவர் வெளியிட்டார். 'இது விளையாட்டுக் கணக்கு' என்று ஒதுக்கியவர்கள் பலர். அவரோ ஒதுங்கிவிடவில்லை. 1975-ல் மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவரைப் பற்றித் தம் பத்திரிகைப் பகுதியில் எழுதிய பின்பு, அவருடைய பெயர் கடல் கடந்தும் பரவியது. 1986-ல் அவர் காலமானார்.

இதில் மாயமந்திரம் ஏதும் உண்டா? இல்லை. அடுக்கி எழுதும்போது மிகப் பெரிய இலக்கமும் மிகச் சிறிய இலக்கமும் ஆயிரத்தின் ஸ்தானத்தையும் ஒன்றின் ஸ்தானத்தையும் மாற்றிக்கொள்கின்றன. ஆகவே அவற்றின் வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் 999 கிடைக்கிறது. நடுவிலுள்ள இரண்டும் நூறு, பத்து ஸ்தானங்களை மாற்றிக்கொள்வதால், அவற்றின் வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் 90 கிடைக்கிறது. விடை இவ்விரண்டின் கூட்டுத்தொகையே. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வித்தியாசம் அதற்கு மேற்படாது. இப்படி எண்ணிப் பார்த்தால், எந்த எண்ணில் தொடங்கினாலும் முதற் படியில் வரக்கூடிய விடைகள் மொத்தம் 54 மட்டுமே! அந்த 54-ஐயும் சோதித்துவிட்டால், 9,990 எண்களையும் சோதித்ததாகிவிடும். 999, 90 இரண்டும் ஒன்பதால் வகுபடுவதால், எல்லா விடைகளும் ஒன்பதால் வகுபடும்.

'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று பெற்றோர் கேட்பதுண்டு. நம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். கழித்தல் கணக்கென்றாலே நோட்டைக் கையால் மறைத்துக்கொள்ளும் பையன் ஒருவன் கடைசி பெஞ்சியில் இருந்தான். எல்லோரும் 6174 என்று கூவியபோது அவன் மட்டும் மெல்ல எழுந்து, "ஸார், எனக்கு எட்டுப் படி ஆகியும் வரவில்லை" என்றான். அவன் எடுத்த எண் 4203.

நாம் தவறைச் சுட்டிக்காட்டவில்லை. "ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டிப் பார். ஒன்பதால் வகுபடாத இடத்தில் நில்" என்று மட்டும் சொன்னோம். முதல் வரியிலேயே அவன் நின்றான். 4320-லிருந்து 0234-ஐக் கழித்து 4096 என்று எழுதியிருந்தான். கூட்டினால் 19. கடன் வாங்கியதை மறந்திருக்கிறான்! அதைத் திருத்தி 4086 என்று எழுதினான். பிறகு 8172, 7443, 3996, 6264, 4176. ஏழாவது படியில் 6174. வகுப்பிலேயே அவனுடையதுதான் மிக நீண்ட பிரயாணம்.

பிறர் சொல்லாமல் தன் பிழையைத் தானே கண்டுபிடித்த அன்றிலிருந்து அவன் நோட்டை மறைப்பதில்லை. இதைவிடப் பெரிய பிரயோஜனம் வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

நேயர்கள் இன்றிரவு குழந்தைகளுடன் உட்கார்ந்து ஓர் எண்ணை எடுத்துப் பார்க்கட்டும். நடுவில் ஒரு படி பிசகினாலும் பயமில்லை. நான்கும் ஒரே இலக்கமாகிவிடாத வரையில், அதன் பிறகு சரியாகக் கழித்துக்கொண்டு போனால், 6174 அங்கே காத்துக்கொண்டுதான் இருக்கும்.