புதிய கணையமும் பழைய ஜாக்கிரதையும்

நமது செட்டிநாட்டில் இனிப்பில்லாத விருந்து விருந்தாகாது. எனினும் அமராவதிபுதூர், காரைக்குடி முதலிய ஊர்களில் பந்தியில் அமர்ந்து, கவுனி அரிசி வரும்போது இலையின்மேல் கையை மறைப்போர் தொகை பெருகி வருகிறது. "மாண்டவர் ஒருவரின் கணையத்தை எடுத்துப் பொருத்தினால் ஊசியும் வேண்டாம், ஜாக்கிரதையும் வேண்டாமாமே! மெய்தானா?" என்று இவர்கள் வினவக்கூடும். ஊசி வேண்டாம் என்பது பெரும்பாலும் மெய். ஜாக்கிரதை வேண்டாம் என்பது முழுப் பொய்.

இரைப்பைக்குப் பின்னே குறுக்காகக் கிடக்கும் சுரப்பியே கணையம். அதனுள் தீவுகள்போற் சிதறியிருக்கும் நுண்ணிய அணுக்கூட்டங்களை 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் விவரித்தார். இன்ஸுலின் சுரப்பது அத்தீவுகளிலேதான். தேகத்தின் காவற்படையே மயங்கி அவற்றைப் பகையென்று அழித்துவிட்டால் முதல்வகை நீரிழிவு உண்டாகிறது. 1922-ல் கனடா தேசத்து டொரொண்டோ நகரில் முதன்முதல் ஏற்றப்பட்ட இன்ஸுலின் ஊசி இத்தகையோருக்கு உயிர்ப்பிச்சை அளித்தது. ஆயினும் ஊசி போடுவோர் உத்தேசமாகவே அளவு வைக்கவேண்டும். கணையமோ நொடிதோறும் ரத்தத்தைப் பார்த்து வரவு செலவைச் சரிக்கட்டும் கணக்கப்பிள்ளை போன்றது.

அக் கணக்கப்பிள்ளையையே மாற்றி அமைத்தால் என்ன? 1966 டிசம்பரில் அமெரிக்காவின் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் கெல்லி, லில்லிஹை என்ற இரு வைத்தியர்கள் ஓர் இளம் பெண்ணுக்குக் கணையத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பொருத்தினார்கள். சில நாட்கள் அவளுக்கு இன்ஸுலின் தேவைப்படவில்லை. ஆனால் சில மாதங்களுக்குள் அவள் காலமானாள். பின்னர் மருந்துகளும் சிகிச்சை முறையும் திருந்தின. இன்று சிறுநீரகத்துடன் பொருத்தப்படும் கணையங்களுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை ஓராண்டு கழிந்தும் தொழில் செய்கின்றன.

பழைய கணையத்தை வைத்தியர்கள் அகற்றுவதில்லை. புதியதை அடிவயிற்றில் வைத்து ரத்தக்குழாய்களோடு இணைக்கிறார்கள். இணைத்த சில மணி நேரத்திலேயே அது இன்ஸுலின் சுரக்கத் தொடங்கிவிடும். முதல் நாட்களில் மணிக்கு மணி சர்க்கரையை அளந்து, ஏற்றிவந்த இன்ஸுலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். இறங்கிய சர்க்கரை திடீரென்று ஏறினால், புதிய உறுப்பின் குழாயில் ரத்தம் உறைந்ததோ என்று உடனே சோதிக்கவேண்டும். அங்கே சில மணி நேரத் தாமதமும் கணையத்தைப் பறித்துவிடும்.

வீடு திரும்பிய பின்னரும் காவல் ஓயாது. அயலார் உறுப்பைத் தேகம் தள்ளிவிடாதபடி காக்கும் மருந்துகளை, கணையம் உழைக்குமளவும் உட்கொள்ளவேண்டும். இங்கேதான் ஒரு விந்தை: அம் மருந்துகளுள் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் தாமே சர்க்கரையை உயர்த்தும் குணமுடையவை! ஆகவே சர்க்கரை ஏறினால் மருந்தின் செயலோ, உடற்பருமனோ, தேகம் உறுப்பைத் தள்ளுவதோ என்று வைத்தியர் பிரித்தறியவேண்டும். தள்ளும் வினை தொடங்கி நெடுநேரம் சென்ற பின்னரே சர்க்கரை உயர்வதுண்டு. எனவே சர்க்கரையை மட்டும் நம்பாமல், கணைய நீரின் அளவைக் காட்டும் ரத்தப் பரீட்சைகளையும் தவணை தவறாது செய்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் பலன் யாது? கணையம் மட்டும் பொருத்தப்பெற்ற எட்டுப் பேரை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்ட அறிக்கையொன்று, நீரிழிவு அவர்களுடைய சிறுநீரகங்களில் விளைத்திருந்த சேதம் ஐந்தாண்டில் மாறவில்லை என்றும், பத்தாண்டில் மாறியிருந்தது என்றும் கூறுகிறது. பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது. ஆயினும் இச் சிகிச்சை எல்லார்க்கும் உரியதன்று. சிறுநீரகமும் கெட்டுப்போன முதல்வகை நோயாளிகளுக்கே இது பெரும்பாலும் பொருந்தும். நடுவயதில் வரும் இரண்டாம்வகை நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு உணவுக் கட்டுப்பாடும், நடையும், மாத்திரையும், வேண்டுமானால் ஊசியுமே தக்க வழி. ஊசிக்கு அஞ்சி, ஆயுள் முழுதும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை மேற்கொள்வது இலாபகரமான வியாபாரமாகாது.

இத் துறையில் நம் நாடும் பின்தங்கியதன்று. 1948-லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பகுதி தொடங்கினார். 1994-ல் உறுப்புமாற்றுச் சட்டம் பிறந்தது. 2008-ல் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, வைத்தியர்களாகிய அவன் பெற்றோர் தானம் செய்தது தமிழகத்தையே உருக்கியது. உறுப்பு ஈந்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டென 2023-ல் தமிழக அரசு அறிவித்தது.

முழுக் கணையம் வேண்டின், அது பெரும்பாலும் மூளைச்சாவுற்றவரிடமிருந்தே கிடைக்கவேண்டும். ஆகையால் நேயர்கள் செய்யத்தக்கவை இரண்டு. நீரிழிவுடையோர், சிறுநீரகம் கெடுமுன்னரே ஆண்டுதோறும் அதனைப் பரீட்சித்துக்கொள்க. ஏனையோர், தமக்குப்பின் தம் உறுப்புகளைப் பற்றிய விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வைக்க. துக்கம் சூழ்ந்த வேளையில் அவ் விருப்பத்தை நிறைவேற்றவேண்டியவர்கள் அவர்களே.