ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?

மதுரைக்கு வடக்கே இருக்கும் அழகர்மலைக்குப் போயிருக்கிறீர்களா? பழமுதிர்சோலை முருகன் கோயிலைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால் ராக்காயி அம்மன் கோயில் வரும். நூபுர கங்கை ஊற்று அங்கேதான் இருக்கிறது. அதில் நீராட மக்கள் வரிசையில் நிற்பார்கள். பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். ஊர்க் கண்மாய்கள் வறண்டுபோகும் கோடையிலும் அந்த ஊற்றில் தண்ணீர் வரும்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மழையே இல்லாத நாளில் மலைக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது? வழியில் ஓர் ஊற்றைக் கண்டால் அதை அள்ளிக் குடிக்கலாமா?

மலைக்குள் போகும் மழை

மலையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி சரிவில் ஓடி ஓடையில் சேர்ந்துவிடும். மரங்கள் அடர்ந்த இடத்தில் கதை வேறு. உதிர்ந்த சருகுகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கும். வேர்களும் மண்புழுக்களும் போட்ட துளைகள் வழியாக நீர் மண்ணுக்குள் இறங்கும்.

மண்ணுக்குக் கீழே உதிர்ந்துபோன பாறையும், அதற்கும் கீழே கெட்டிப் பாறையும் இருக்கும். கெட்டிப் பாறைக்குள் நீர் புகாது. அதிலுள்ள வெடிப்புகளுக்குள் புகும். மேற்கொண்டு கீழே இறங்க வழியில்லாத இடத்தில் பக்கவாட்டில் நகரும். அந்த வெடிப்பு மலைச்சரிவில் எங்கே திறக்கிறதோ, அங்கே நீர் வெளியே வரும். அதுதான் ஊற்றுக்கண்.

துவைத்த போர்வையைப் பிழியாமல் கொடியில் போட்டால் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும் இல்லையா? மலையும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது.

தரைக்குச் சில மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. அதனால்தான் நல்ல ஊற்று நீர் சித்திரையில் குளிர்ச்சியாகவும், மார்கழி விடியலில் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் தெரியும். பாறைக் குழியில் தேங்கிய மழைநீருக்கு இந்தக் குணம் கிடையாது. அது வெயிலில் சுடும், பாசி பிடிக்கும். அதை ஊற்று என்று நினைத்துக் குடித்துவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

மண் வழியாக இறங்கும் நீர் எப்படி வடிகட்டப்படுகிறது என்று ஒரு பாட்டிலில் பார்க்கலாம். பெரியவர் ஒருவரிடம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டித் தரச் சொல்லுங்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, கழுத்துப் பகுதியில் பஞ்சை அடையுங்கள். அதன்மேல் அடுப்புக்கரித் தூள், கழுவிய மணல், சிறு கூழாங்கல் என்று அடுக்குங்கள். கலங்கல் நீரை மேலே ஊற்றுங்கள். முதலில் கரி கலந்து வரலாம். சில முறை ஊற்றிய பிறகு தெளிந்த நீர் வரும்.

இப்போது இரண்டு கரண்டி உப்பைக் கரைத்த நீரை ஊற்றுங்கள். அதுவும் தெளிவாகத்தான் வரும். அதில் சிறிது எடுத்து ஒரு கறுப்புத் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். தட்டில் வெள்ளையாக உப்பு படியும்! மணல் மண்ணைத் தடுத்தது. கரைந்த உப்பைத் தடுக்கவில்லை. இந்த நீரைக் குடிக்க வேண்டாம். ஏன் தெரியுமா?

தெளிவு வேறு, தூய்மை வேறு

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியாக்கள் மிகமிகச் சிறியவை. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளம்தான். அவற்றில் 500 வரிசையாக நின்றால் 1 மில்லிமீட்டர் ஆகும். மஞ்சள்காமாலை வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. மணல் இடுக்கு அவற்றுக்கு அகன்ற தெரு. கண்ணாடிபோல் தெரியும் நீரிலும் அவை இருக்கலாம்.

அப்படியானால் மலை எப்படி நீரைச் சுத்தம் செய்கிறது? நம் பாட்டிலில் நீர் சில நிமிடங்களில் இறங்கிவிடும். மலையில் பல மீட்டர் மண்ணைக் கடக்க வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்குள் பல கிருமிகள் மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும், பல செத்துப்போகும். ஆனால் அகன்ற வெடிப்பு வழியாக நீர் விறுவிறுவென்று வந்தால் இந்த வேலை நடக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெருமழை பெய்த உடனே ஊற்று கலங்கினால், மேற்பரப்பு நீர் வடிகட்டப்படாமல் வந்து கலக்கிறது என்று பொருள்.

நிமிர்ந்து பாருங்கள்

ஊற்றைக் கண்டதும் எல்லோரும் குனிந்து நீரைப் பார்ப்போம். முதலில் நிமிர்ந்து மேலே பாருங்கள். சரிவில் வீடுகளும் கழிவறைகளும் இருக்கின்றனவா? மாட்டுத் தொழுவம் உண்டா? பூச்சிமருந்து அடிக்கும் தோட்டம் உண்டா? மேலே கொட்டியது எதுவானாலும் மழையோடு கீழே வரக்கூடும். மேலே காடு மட்டும் இருந்தாலும் விலங்குகளின் சாணம் இருக்கும். அதனால் எந்த ஊற்று நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் 3 நிமிடம் வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு; அங்கே நீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சூடு குறைவதால் நேரத்தைக் கூட்டுகிறோம்.

கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். கரைந்த பொருளை நீக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. அது அதிகமானால் பற்களில் கறை படியும், எலும்பு பாதிக்கப்படும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. இவற்றை நாக்கு சொல்லாது. நீர்ப் பரிசோதனைதான் சொல்லும்.

ஊற்றை வளர்க்கலாம்

சிக்கிம் மாநிலக் கிராமங்களில் பெரும்பாலோருக்கு ஊற்றுகள்தான் குடிநீர். அவை வற்றத் தொடங்கியதால் 2008-இல் 'தாரா விகாஸ்' என்ற திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். ஊற்றுக்கு நீர் தரும் சரிவு எது என்று கண்டுபிடித்து, அங்கே வாய்க்கால்போல் குழிகள் வெட்டி மழையை நிறுத்தினார்கள். ஓடிப்போன மழை மண்ணுக்குள் இறங்கியது. தளர்ந்திருந்த ஊற்றுகளில் கோடையிலும் நீர் கூடியது.

உங்கள் ஊரிலோ பக்கத்து மலையிலோ ஊற்று இருந்தால், பெரியவர்களோடு போய் ஒரு படம் வரையுங்கள். ஊற்றுக்கண், மேலே உள்ள சரிவு, மரங்கள், வீடுகள், குப்பை எல்லாவற்றையும் குறியுங்கள். அந்தப் படத்தை ஆசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் காட்டி, நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மேலே குப்பை இருந்தால் அதை அகற்றக் கேளுங்கள். சரிவு சுத்தமாக இருந்தால்தான் ஊற்றும் சுத்தமாக இருக்கும்.