லாங் ஐலண்டில் பூந்தோட்டம்

அந்தமானின் லாங் ஐலண்டில் வீட்டுத்தோட்டம் அமைப்போர் உப்புக்காற்றையும் நீண்ட மழையையும் கருத்திற்கொள்ள வேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் இத்தீவுகளில் வேரில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடும். ஆதலால் மேட்டுப்பாத்தி அவசியம்.

கடலை நோக்கிய வேலியோரத்தில் காகிதப்பூவும் அரளியும் உப்பைத் தாங்கி நிற்கும். அவற்றின் மறைவில் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை ஆகியன செழிக்கும். இவை பல்லாண்டு வாழ்பவை. கவாத்து செய்த குச்சிகளை நட்டே புதிய செடிகளைப் பெறலாம். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு வளர்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி, இன்று இந்தியக் காடுகள் பலவற்றை அடைத்து நிற்கிறது. சிறு தீவு இத்தகைய இழப்பைத் தாங்காது. கடன் பெறுமுன் நிபந்தனைகளைப் படிப்பதுபோல, வெளியிலிருந்து செடி கொண்டுவருமுன் அது பரவும் இயல்பை அறிந்துகொள்வது நலம்.