நிறத்தை அல்ல, வெளிச்சத்தை ஏற்றச் சொல்லுங்கள்

நம் ஊரில் கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஜூன் மாதப் பள்ளி விடுமுறைதான் நமக்குக் கோடை. பூக்களுக்கு நடுவே பிள்ளைகளைப் படமெடுக்க வேண்டும், முகமும் வியர்க்கக்கூடாது என்றால் பலரும் போகும் இடம் கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோம்.

கடந்த ஜூனில் என் அக்கா மகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். அவளுக்கு வயது 15. நாங்கள் ஏற்பாடு செய்திருந்த படப்பிடிப்பாளர், நண்பகலில் வெள்ளை ஹைட்ரேஞ்சியா பூக்களுக்கு முன்னால் அவளை நிறுத்தி எடுத்தார். கேமராத் திரையைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "சித்தி, நான் இவ்வளவு கறுப்பா?" என்று கேட்டாள்.

"கவலைப்படாதம்மா, கம்ப்யூட்டரில் கலர் ஏற்றித் தருகிறேன்" என்றார் அவர்.

அவள் நிறம் எங்கள் அப்பாவின் நிறம், நல்ல கறுப்பு. ஆனால் படத்தில் இருந்தது அந்தக் கறுப்பு அல்ல. கண்ணும் மூக்கும் பிரித்தறிய முடியாத இருட்டு. அது எப்படி வந்தது?

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். குளிர்நாடுகளில் செடிகளுக்குக் கதகதப்பூட்டக் கண்ணாடிக்கூடம் கட்டுகிறார்கள். இங்கே அது தலைகீழ். 2012இல் திறக்கப்பட்ட ஃபிளவர் டோமில், மத்தியதரைக்கடல் நாடுகள், தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களின் செடிகளுக்காக 23 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டுகிறார்கள். 38 மீட்டர் உயரமுள்ள இக்கூடம், உலகின் ஆகப் பெரிய கண்ணாடிக்கூடமாக 2015இல் கின்னஸில் இடம்பெற்றது. அதன் சிறப்புக் கண்ணாடி வெப்பத்தை வெகுவாகத் தடுத்து, வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. உடம்புக்குக் குளுகுளுவென்று இருந்தாலும் முகத்தில் விழுவது வெயில் வெளிச்சம்தான்.

அங்கே நேர்ந்த தவறுகள் மூன்று.

முதலாவது நேரம். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பிற்பகல் 1 மணிக்கு. அப்போது வெளிச்சம் மேலிருந்து விழுவதால் கண்குழியில் நிழல் தங்கிவிடும். காலை வேளையும் மாலை 5 மணிக்கு மேலும் நல்லது. மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது.

இரண்டாவது வெள்ளைப் பூக்கள். கேமரா தானாக ஒளியை அளக்கும்போது, காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளை நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கருதி ஒளியைக் குறைத்துவிடும். வெள்ளைப் பூ மங்கும். கறுத்த முகம் இருண்டுபோகும். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் முகத்தைத் தொட்டு, ஒளி அளவைச் சற்று மேலே ஏற்றுங்கள். பூ கொஞ்சம் வெளுத்தால் போகட்டும். நாம் எடுப்பது பிள்ளையின் படம்.

மூன்றாவது இலைகள். பச்சை இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளி, தோலில் பச்சை சாயலை ஏற்றும். செடியை ஒட்டி நிற்காமல் இரண்டடி தள்ளி நிற்கலாம். வெள்ளைத் தாளைக் காட்டிக் கேமராவின் வண்ணச் சமநிலையைச் சரிசெய்து கொள்ளலாம்.

இந்தக் கறுப்புத் தோல் சிக்கல் புதிதன்று. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ணப் படங்களைச் சரிபார்க்கத் தந்த 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவை வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களே. பல நிறப் பெண்களைக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. கூகள் நிறுவனம் கறுத்த தோலையும் உள்ளபடி காட்டும் 'ரியல் டோன்' வசதியை 2021இல் தன் கைப்பேசியில் சேர்த்தது. கருவியின் குறையை நம் பிள்ளைகள் தங்கள் குறையாக எண்ணிக்கொண்டார்கள் என்பதுதான் வேதனை.

நானும் எண்ணியவள்தான். முதன்முதலாகக் கேமரா முன் நின்றபோது முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு போனேன். ஒளியமைப்பாளர் அதைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார். "உங்கள் முகத்துக்கு விளக்கை மாற்றுவது என் வேலை" என்றார்.

அதை நினைத்துக்கொண்டு மாலை வரை காத்திருந்தோம். ஆலிவ் மரங்களின் பக்கம் அவளை நிறுத்தி, என் வெள்ளைத் துப்பட்டாவை அவள் முகத்துக்குக் கீழே விரித்துப் பிடித்தேன். அதில் பட்ட ஒளி முகத்தில் படர்ந்தது. இம்முறை திரையைப் பார்த்தவள், "தாத்தா மாதிரியே இருக்கேன்" என்று சிரித்தாள். அந்தப் படம்தான் அக்கா வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

பெற்றோர்களே, அடுத்த முறை யாராவது கலர் ஏற்றித் தருகிறேன் என்றால், பிள்ளையின் காதுபடவே சொல்லுங்கள்: "நிறம் வேண்டாம், வெளிச்சத்தை ஏற்றுங்கள்."